இருபத்தைந்து விநாடி

டென்னிஸில் ஒரு புள்ளி முடிந்தால் அடுத்த சர்வீஸுக்கு இருபத்தைந்து விநாடி கொடுக்கிறார்கள். பெரிய போட்டிகளில் ஆடுகளத்தின் ஓரத்திலேயே கடிகாரம் இருக்கும்; 25, 24, 23 என்று இறங்கும். பந்து ஓடும்போது எல்லோர் கண்ணும் பந்தின் மேல். பந்து நின்றதும் ஆட்டக்காரர் தனியாகிவிடுகிறார். துண்டை எடுத்து முகம் துடைக்கிறார். ராக்கெட்டின் நரம்புகளை விரலால் நேர்செய்கிறார். கைக்கு வந்த மூன்று பந்துகளையும் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறார். சற்றுமுன் வலையில் அடித்த பந்து இன்னும் மனசில் கிடக்கிறதா, அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாரா என்பது கோட்டுக்குத் திரும்பும் நடையில் தெரிந்துவிடும். டென்னிஸ் பார்க்கத் தொடங்கியதிலிருந்து நான் அதிகம் பார்ப்பது இந்த இடைவேளையைத்தான்.

2025 பிப்ரவரியில் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் டபிள்யூடிஏ 125 போட்டி நடந்தது. தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில் அதைத் தொடர்ந்தேன். காரணம் ஒரு கோயம்புத்தூர்ப் பெண். பெயர் மாயா ராஜேஷ்வரன் ரேவதி. அப்பா பெயரும் அம்மா பெயரும் சேர்ந்தே ஸ்கோர் பலகையில் ஏறுகின்றன. எனக்கு அது பிடித்திருந்தது. 2009 ஜூனில் பிறந்தவர், அந்த வாரம் வயது பதினைந்து. தகுதிச்சுற்றில் ஆட வைல்டு கார்டு கொடுத்திருந்தார்கள். அதாவது, வாசல்வரை வரலாம், உள்ளே போவது உன் பாடு.

உள்ளே போனார். தகுதிச்சுற்றில் இத்தாலியின் நிக்கோல் ஃபோசா ஹூவர்கோ, அமெரிக்காவின் ஜெசிகா ஃபைல்லா. பிரதானச் சுற்றில் பெலாரஸின் இரினா ஷிமனோவிச். அடுத்து கஜகஸ்தானின் சரினா தியாஸ். இந்த தியாஸ் ஒரு காலத்தில் உலகின் 31-ஆம் இடத்தில் இருந்தவர். விம்பிள்டனில் 2014, 2015 இரண்டு ஆண்டுகளிலும் நான்காம் சுற்றுவரை போனவர். மாயா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் அவர் புல்தரையில் ஆடிக்கொண்டிருந்தார். காலிறுதியில் ஜப்பானின் மெய் யமகுச்சி; 6-4, 3-6, 6-2 என்று மூன்று செட் போனது. அரையிறுதியில்தான் தோல்வி. சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மன் 6-3, 6-1 என்று முடித்துவிட்டார். அந்தக் கோப்பையை வென்றவரும் டைக்மன்தான்.

மூன்று செட் போன அந்தக் காலிறுதிதான் எனக்கு முக்கியம். முதல் செட்டை எடுத்து, இரண்டாவதை விட்டுக்கொடுத்த பதினைந்து வயதுப் பிள்ளை மூன்றாவது செட்டுக்கு எப்படி எழுந்து வருவார்? மாயா தள்ளி ஆடுகிறவர் அல்லர், அடித்து ஆடுகிறவர். அடித்து ஆடுகிறவர்களுக்குத் தவறும் அதிகம் வரும். தவறு வந்த பிறகு கை சுருங்கி, பந்தை நடுவில் போட்டுவிட்டுக் காத்திருப்பது மனித இயல்பு. மூன்றாவது செட் 6-2. கை சுருங்கியிருந்தால் அப்படி ஒரு ஸ்கோர் வந்திருக்காது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் மறுநாள் காலை ஒருவர் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்திருந்தார்.

“கோயமுத்தூர் புள்ளையாம். பதினஞ்சு வயசு.”

“கோயமுத்தூர்ல எல்லாம் இருக்குது, ண்ணா. நம்மூர்ல என்ன இருக்குது?”

கடைக்காரர் உட்பட யாரும் பதில் சொல்லவில்லை. பென்னாகரம் பஸ் கிளம்பவும் கேட்டவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

1965-ல் சேலத்திலிருந்து பிரித்து உண்டாக்கிய மாவட்டம் எங்கள் தருமபுரி. 2004-ல் கிருஷ்ணகிரியும் தனியே போயிற்று. ‘பின்தங்கிய’ என்ற அடைமொழியைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. டென்னிஸ் பந்து தருமபுரியில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது கிரிக்கெட்டுக்காக. கேழ்வரகு அறுத்த காட்டில், ஏரிக்கரையில், பள்ளிக்கூடத்து மேட்டில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் சின்னப்பம்பட்டி நடராஜன் அந்தப் பந்தில் வீசிப் பழகித்தான் இந்திய அணிவரை போனார். ஆனாலும் அந்தப் பந்தை அதற்குரிய ராக்கெட்டால் அடிக்கிற பிள்ளை இங்கே கண்ணில் படுவது அபூர்வம்.

அப்படி ஒரு பிள்ளை கண்ணில் பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

மாலை நடைக்குப் போகிற வழியில் ஒரு புளி மண்டி. அதன் பின்சுவர் நீளமானது, ஜன்னல் இல்லாதது. சுவரில் சாக்கட்டியால் கிடைமட்டமாக ஒரு கோடு. தரையிலிருந்து மூன்றடி இருக்கும். டென்னிஸ் வலையின் நடுப்பகுதி சரியாக மூன்றடிதான். யாரோ தெரிந்து போட்ட கோடு. அதற்கு எதிரே பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பெண் பிள்ளை. இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடைப் பாவாடைக்குக் கீழே டிராக் பேண்ட். ராக்கெட் பழையது. பிடியில் சுற்றிய பட்டை கறுத்து நைந்து, அதன் மேல் சைக்கிள் கடையில் கிடைக்கும் துணி டேப். பந்தில் மஞ்சள் ரோமம் எல்லாம் போய் வழவழவென்று இருந்தது. புதுப் பந்தில் அந்த ரோமம்தான் காற்றைப் பிடிக்கும், சுழற்சியைத் தாங்கும். அது தேய்ந்தால் பந்து விர்ரென்று பறக்கும், சொன்ன பேச்சு கேட்காது. பெரிய போட்டிகளில் முதல் ஏழு கேம் முடிந்ததும் பந்துகளை மாற்றுவார்கள், அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒருமுறை. இந்தப் பந்து எத்தனை மாதம் கண்டதோ.

நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். பிள்ளை என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. சுவரில் ஓரிடத்தில் காரை பெயர்ந்திருந்தது. அங்கே பட்ட பந்து ஏறுமாறாகத் திரும்பும். அந்த இடத்தைத் தவிர்க்க முயன்றாள், முடியாதபோது எதிர்பார்த்துக் காலை மாற்றி வைத்தாள். முதலில் ஃபோர்ஹேண்ட், பிறகு இரு கையும் சேர்த்து பேக்ஹேண்ட். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் இடது கால் சின்னதாய் ஒரு குதி குதித்து நிற்கும். அதை யாரும் சொல்லிக் கொடுத்தார்களோ, டிவியில் பார்த்துப் பிடித்ததோ. பந்து கோட்டுக்குக் கீழே பட்டால் அவளே “அவுட்” என்றாள். வேறு நடுவர் இல்லை, ஏமாற்றவும் இல்லை.

தவறிய பந்தை எடுக்கப் போனவள் உடனே திரும்பி அடிக்கவில்லை. சுவரை நோக்கி முதுகைக் காட்டி நாலடி நடந்தாள். ராக்கெட்டைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். உள்ளங்கையை ஊதினாள். பந்தைத் தரையில் இரண்டு தட்டு. அப்புறம்தான் திரும்பினாள். எதிரே ஆளில்லாத ஆட்டத்தில் இந்த இடைவேளையை எதற்கு எடுத்துக்கொள்கிறாள் என்று யோசித்தபடி நின்றேன். மறுபடியும் தவறியது. மறுபடியும் அதே நாலடி, அதே சுற்று, அதே இரண்டு தட்டு. பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருதடவை கூட அவசரப்படவில்லை.

அம்மா கொஞ்சம் தள்ளிக் கல்மேல் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கண் அவரையில்தான். ஆனால் பந்துச் சத்தம் நின்றால் நிமிர்வார்.

“போதும் சாமி, இருட்டிடுச்சு.”

“இன்னும் இருபதும்மா.”

“இருபதுன்னா இருபதுதான்.”

எண்ணி இருபது அடித்தாள். பந்தைப் பையில் போட்டு, ராக்கெட்டுக்கு உறை இல்லாததால் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பெயர் கேட்கவில்லை. பேச்சுக் கொடுக்கவும் இல்லை. கேட்டால் அவளுடைய ஆட்டத்துக்குள் இன்னொருவர் நுழைந்ததாகிவிடும்.

இந்தச் சுவரிலிருந்து மும்பை மைதானம்வரை எத்தனை படி என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் 12, 14, 16, 18 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகள். டேலண்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ் என்று வாராவாரம் ஏதாவதொரு நகரத்தில். அப்புறம் உலக ஜூனியர் போட்டிகள். தொழில்முறைக்கு வந்தால் அடிப்படியில் டபிள்யூ 15. மொத்தப் பரிசே 15,000 டாலர்தான், அதை எல்லோரும் பங்கு போட வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்கு வருவது வழிச்செலவுக்கே பற்றாது. அதற்கு மேலே 35, 50, 75, 100. அதற்கும் மேலேதான் டபிள்யூடிஏ 125, 250, 500, 1000, கிராண்ட் ஸ்லாம். தரவரிசைப் பட்டியலில் பெயர் வரவே மூன்று போட்டிகளில் புள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தம் பத்துப் புள்ளி. எடுத்த புள்ளியும் நிரந்தரமில்லை. 52 வாரம் முடிந்தால் கழிந்துவிடும். போன வருடம் இதே வாரம் ஜெயித்தவர் இந்த வருடமும் ஜெயித்தால்தான் இருந்த இடத்தில் இருக்கலாம். வளர்கிற பிள்ளைக்கு இது என்ன கொடுமையான கணக்கு!

கொடுமை என்று டென்னிஸ் நடத்துகிறவர்களுக்கே தெரிந்துதான் ஒரு தடுப்பும் போட்டார்கள். ஜெனிஃபர் காப்ரியாட்டி என்ற அமெரிக்கச் சிறுமி 1990-ல் பதினான்கு வயது நிறையும் முன்பே தொழில்முறைக்கு வந்தார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன் அரையிறுதி, 1992-ல் ஒலிம்பிக் தங்கம். உலகமே கொண்டாடியது. அப்புறம் சில ஆண்டுகளில் ஆட்டத்தையே விட்டு விலகி, கைதாகிச் செய்தியாகும் அளவுக்கு உடைந்துபோனார். பிற்பாடு மீண்டு வந்து கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றது அவருடைய மனத்திடம். அந்த இடைப்பட்ட வருடங்களுக்கு யார் பொறுப்பு? 1995-லிருந்து வயதுக்கேற்ற வரம்பு வந்தது. பதினைந்து வயதில் இத்தனை போட்டி, பதினாறில் இத்தனை, பதினேழில் இத்தனை என்று படிப்படியாகக் கூடும். பதினெட்டில்தான் முழு விடுதலை. ‘ஜெயிக்கிற பிள்ளையை ஏன் கட்டிப்போட வேண்டும்’ என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்த விதி டென்னிஸ் எழுதிய விதிகளிலேயே நல்ல விதியாகப் படுகிறது.

2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் முதன்முறையாகப் பெண்களுக்கான டபிள்யூடிஏ 250 போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் போலந்தின் மாக்தா லினெட்டுக்கு எதிரே செக் நாட்டின் லிண்டா ஃப்ரூவிர்தோவா, வயது பதினேழு. முதல் செட் போயிற்று. மூன்றாவது செட்டில் 1-4 என்று பின்தங்கினார். அங்கிருந்து ஐந்து கேம்களை வரிசையாக எடுத்து 4-6, 6-3, 6-4 என்று கோப்பையைத் தூக்கினார். நான்கு மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபனில் நான்காம் சுற்று, பிறகு உலகின் முதல் ஐம்பதுக்குள் இடம். அடுத்த உலக சாம்பியன் என்றே எழுதினார்கள். அதற்குப் பிறகு தரவரிசையில் சரிந்தார், வெகுதூரம் சரிந்தார். ஒரு கெட்ட செயலும் செய்யவில்லை, ஆட்டத்தை மறந்துவிடவும் இல்லை. உலகம் அவருடைய ஆட்டத்தைப் படித்துக்கொண்டது. உடம்பும் மனசும் பதிலைக் கண்டுபிடிக்க நேரம் கேட்டன. அந்த நேரத்தைப் பார்வையாளர்களாகிய நாம் கொடுப்பதில்லை.

மாயா இப்போது ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், மனகோர் ஊரிலுள்ள ரஃபேல் நடால் அகாடமியில் பயிற்சி பெறப் போயிருக்கிறார். எட்டு வயதில் கோவையில் ராக்கெட் பிடித்த பிள்ளை. கோயம்புத்தூருக்கும் அந்தத் தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். தமிழ்நாட்டுக்கும் அந்தத் தீவுக்கும் பழைய பழக்கம் உண்டு. அதே தீவுக்காரர் கார்லோஸ் மோயா 2004, 2005 இரண்டு ஆண்டும் சென்னை ஓபனை வென்றார். 2004 ஜனவரியில் மோயா ஒற்றையர் கோப்பையை எடுத்த அதே வாரம், தாம்மி ரோப்ரெடோவுடன் சேர்ந்து இரட்டையர் கோப்பையை எடுத்தவர் பதினேழு வயது நடால். அப்போது அவர் ஒற்றையரில் ஒரு பட்டமும் வென்றிருக்கவில்லை. நுங்கம்பாக்கத்து வெயிலில் தலைமுடி நீண்ட பையனாக ஆடியவர் பிறகு 22 கிராண்ட் ஸ்லாம் வென்றார்.

அந்த அகாடமியில் வளர்ந்த இன்னொரு ஆசியப் பெண்ணை இங்கே சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸின் அலெக்ஸாண்ட்ரா ஈயாலா. 2018-ல், பதின்மூன்று வயதை ஒட்டி, வீட்டைவிட்டு அங்கே போனார். 2022-ல் யுஎஸ் ஓபன் ஜூனியர் பட்டம். அதன் பிறகும் சின்னச் சின்ன ஊர்களில், காலியான கேலரிகளுக்கு முன்னால் வருடக்கணக்கில் ஆடினார். மாயாவின் மும்பை வாரம் முடிந்த அடுத்த மாதம், 2025 மார்ச்சில், மயாமி ஓபனில் வைல்டு கார்டில் நுழைந்து ஓஸ்தாபென்கோ, மேடிசன் கீஸ், ஸ்வியாதெக் என்று கிராண்ட் ஸ்லாம் வென்ற மூவரை வரிசையாகத் தோற்கடித்து அரையிறுதிக்குப் போனார். உலகம் திடீரென்று ஒரு நட்சத்திரம் என்றது. அந்தத் திடீருக்குப் பின்னால் தீவில் கழிந்த ஏழு வருடம் இருக்கிறது.

நம்மிடமும் நல்ல ஆரம்பங்களுக்குக் குறைவில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றபோது பதினேழு வயது. 1960, 1961-ல் பெரியவர்களுக்கான ஒற்றையரில் அரையிறுதி. மகன் ரமேஷ் 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓபன் இரண்டிலும் ஜூனியர் பட்டம். பெண்கள் வரிசையில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் நிருபமா வைத்தியநாதன், அவரும் கோயம்புத்தூர்தான். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிட்சிசினியை வென்று, நவீன டென்னிஸில் கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண்ணானார். ஏழு ஆண்டு கழித்து ஹைதராபாத்தில் பதினெட்டு வயது சானியா மிர்சா டபிள்யூடிஏ பட்டம் வென்ற நாளில் நிருபமாவை நினைத்தவர்கள் குறைவு. தனியாகச் சாலை போட்டவரை அதில் வண்டி ஓடத் தொடங்கியதும் மறப்பது நம் வழக்கம்.

கோயம்புத்தூரில் ஒரு நிருபமா, ஒரு தலைமுறை கழித்து ஒரு மாயா. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அங்கே ஆடுகளங்கள் இருக்கின்றன. ஆடி முடித்தவர்கள் பயிற்சியாளர்களாகத் திரும்புகிறார்கள். எதிரே நின்று அடிக்க இன்னொரு பிள்ளை கிடைக்கிறது. புளி மண்டிச் சுவருக்கு எதிரே அடித்த பிள்ளைக்கு இல்லாதது அந்த மூன்றும்தான். காலும் கையும் பொறுமையும் அவளிடம் இருந்ததை நின்று பார்த்தவன் நான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது மாயாவைப் பற்றி. அவர் முதல் சுற்றில் தோற்ற செய்தி வரும் வாரங்கள் இருக்கும். நிறைய இருக்கும். அந்த வாரங்களில் ‘அவ்வளவுதானா’ என்று எழுதாதீர்கள், பேசாதீர்கள். 2027 ஜூனில்தான் அவருக்குப் பதினெட்டே நிறைகிறது.

இரண்டாவது எங்கள் மாவட்டத்துக்கு. தொகுதிக்கொரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு திட்டம் அறிவித்திருக்கிறது. பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று எங்களுக்கு ஐந்து தொகுதி. டென்னிஸ் ஆடுகளம் போடப் பணம் காணாதென்றால் பரவாயில்லை. ஒவ்வொன்றிலும் காரை பெயராத ஒரு பயிற்சிச் சுவர் கட்டுங்கள். பத்தடி உயரம், முப்பதடி நீளம் போதும். மூன்றடி உயரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று போடுங்கள். மாலை ஏழு மணிவரை எரிகிற ஒரு விளக்கும் வேண்டும்.